ஓப்பன் ஹார்ட் ஆனவருக்குப் பேஸ்மேக்கர் கம்பியை எடுக்கலாமா? காங்கேயம் பக்கத்து நோயாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இந்த நோயாளி எங்களிடம் வருவதற்கு முன்பு போன இடங்களிலெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான். "ஏற்கெனவே நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் ஆன ஆள். உள்ளே இருக்கும் கம்பியில் கை வைக்க முடியாது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு புண்ணைச் சுத்தமாக வைத்திருங்கள்." இந்தப் பதிலில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை, கம்பியை எப்படி எடுப்பது, எதற்கெல்லாம் தயாராக இருப்பது என்ற திட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். எடுக்க வேண்டுமா வேண்டாமா என்ற முடிவை மாற்றக் கூடாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளியும் அவர் வந்த வழியும்

வயது 64, ஆண். காங்கேயத்தில் இருந்து தாராபுரம் போகும் வழியில் தோட்டம். தென்னையும் சொந்தமாக ஒரு கொப்பரைக் களமும் உண்டு. 11 வருடங்களுக்கு முன்பு களத்தில் நடந்தாலே மூச்சு வாங்கி, இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறார். இதயத்தில் இருந்து உடலுக்கு ரத்தம் போகும் வாசலான அயோர்ட்டா வால்வில் கால்சியம் படிந்து வாய் சுருங்கியிருந்தது. இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயிலும் வலது ரத்தக்குழாயிலும் அடைப்பு. ஒரே ஆபரேஷனில் உலோக வால்வு பொருத்தி, மார்பின் உட்பக்கத் தமனியை முன்பக்கக் குழாயிலும், காலில் எடுத்த சிரையை வலது குழாயிலும் இணைத்திருந்தார்கள்.

இதயத்தின் மேலறையில் இருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கொண்டுபோகும் பாதை அயோர்ட்டா வால்வின் வளையத்துக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகிறது. கால்சியத்தைச் சுரண்டி எடுத்துத் தையல் போடும் இடத்தில் அந்தப் பாதை அடிபட வாய்ப்பு உண்டு. இவருக்கும் அப்படித்தான் ஆனது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தும் சொந்தத் துடிப்பு திரும்பவில்லை என்பதால் இடது தோள்பட்டைக்குக் கீழே இரண்டு கம்பிகளோடு பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது. மேலறைக் கம்பி திருகி மாட்டும் வகை, கீழறைக் கம்பி நுனியில் முட்களோடு சதையில் சிக்கி நிற்கும் வகை. இதில் ஒரு காரணம் இருக்கிறது. ஆபரேஷனின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் ஹார்ட்-லங் மெஷினுக்குக் குழாய் போடுவது பெரும்பாலும் வலது மேலறையின் காது போன்ற பகுதி வழியாகத்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அங்கே கம்பியைச் சும்மா மாட்டி வைத்தால் நிற்காது, திருகித்தான் ஆக வேண்டும்.

ஒன்பது வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டரை, அதாவது பேட்டரி இருக்கும் உலோகப் பெட்டியை, மாற்றினார்கள். உலோக வால்வு இருப்பதால் அவர் தினமும், ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறவர். ஜெனரேட்டர் மாற்றுவதற்காக அதை நிறுத்தி, இடைப்பட்ட நாட்களில் அதே வேலையைச் செய்யும் ஹெப்பாரின் ஊசி போட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் பை வீங்கிவிட்டது. பேஸ்மேக்கர் உட்கார்ந்திருக்கும் தோலடி இடத்தைத்தான் பை என்கிறேன். வீக்கத்தில் ஊசி குத்தி ரத்தத்தை உறிஞ்சி எடுத்து, கட்டுப்போட்டு அனுப்பிவிட்டார்கள்.

என் கணிப்பில் இந்தக் கதை அந்த மூன்றாம் நாளில்தான் தொடங்குகிறது. 2013-இல் வெளியான புரூஸ் கன்ட்ரோல் ஆய்வு 681 நோயாளிகளை வைத்து, இந்த மாத்திரையை நிறுத்துவதா தொடர்வதா என்ற கேள்வியைத்தான் கேட்டது. அசிட்ரோம் போன்ற மாத்திரையான வார்ஃபரினைத் தொடர்ந்தபடியே பேஸ்மேக்கர் வேலை செய்தவர்களில் 3.5 சதவீதம் பேருக்குப் பை வீங்கியது. நிறுத்திவிட்டு ஹெப்பாரின் போட்டவர்களில் 16 சதவீதம். அதே குழு 2016-இல் இன்னொன்றையும் காட்டியது: பையில் பெரிய ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு அடுத்த ஒரு வருடத்துக்குள் தீவிரத் தொற்று வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல். தேங்கிய ரத்தம் கிருமிக்கு நல்ல தீனி. ஊசி குத்துவது, தோலில் இருக்கும் கிருமிக்கு உள்ளே போக வழி போட்டுக் கொடுப்பது. பையின் மேல் வீக்கம் என்றால் ஊசியை எடுக்காதீர்கள் என்று கோபி, பவானி, உடுமலை என்று எந்த ஊரில் பேசப் போனாலும் டாக்டர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வருடம் கழிந்த பிறகு பையின் மேல் தோல் சிவந்தது. பிறகு கறுத்தது. பிறகு ஒரு சின்னத் துளை.

அவர் சட்டையைக் கழற்றியபோது பனியனில் இடதுபக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. வீட்டில் அரைத்த மஞ்சளும் வேப்பிலையும் பூசி, மேலே பழைய வேட்டித் துணியை மடித்து வைத்திருந்தார். அதை உப்புநீரில் நனைத்து மெதுவாக எடுத்தோம். தோல் வெங்காயச் சருகு அளவுக்கு மெலிந்து, கருநீலமாகப் பளபளத்தது. கீழ் ஓரத்தில் கடுகளவு துளை. அதன் வழியே ஜெனரேட்டரின் சாம்பல் நிற உலோகம் தெரிந்தது. லேசாக அழுத்தினால் தெளிந்த மஞ்சள் நீர் ஒரு சொட்டு வந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, பசி நன்றாக இருக்கிறது. அதனால்தான் இத்தனை மாதம் ஓட்டிவிட்டார். மாத்திரை சாப்பிட்டால் சொட்டுவது நிற்கும், நிறுத்தினால் திரும்ப வரும்.

"மேல தோலு மூடிக்கிச்சுன்னா போதுமுங்க டாக்டரு. உள்ள இருக்கறத நோண்ட வேண்டாமுங்க" என்றார். அவர் மனைவி பக்கத்தில் இருந்து, "ஒருக்கா நெஞ்சப் பொளந்து இவுங்க பட்ட பாடு போதுமுங்க. மறுக்கா ஆகாதுங்க" என்றார். மகன் கேட்டது வேறு: "இத எடுக்கற செலவுக்கு வலதுபக்கம் புதுசா ஒண்ணு வச்சுப்போட்டு, இத அப்படியே உட்டர முடியாதுங்களா?"

மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் பதில் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது சரியல்ல.

தோல் மூடினால் போதாது. ஜெனரேட்டரோ கம்பியோ ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால், சீழ் இல்லாவிட்டாலும் அது தொற்றுதான். இந்தக் கிருமிகள் உலோகத்தின் மீதும் கம்பியின் சிலிக்கோன் உறை மீதும் பசை போன்ற படலம் கட்டிக்கொண்டு அதற்குள் இருக்கும். மாத்திரை படலத்துக்கு வெளியே இருப்பதைக் கொல்லும், உள்ளே இருப்பதைத் தொடாது. புதிதாக இன்னொன்றை மறுபக்கம் வைத்தால், பழைய கம்பி அதே ரத்த ஓட்டத்தில்தான் கிடக்கிறது, அங்கிருந்து புதியதற்கும் பரவும். இவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கம்பி வழியே கிருமி உலோக வால்வைப் போய்ச் சேர்ந்துவிட்டால், அப்போது கட்டாயம் நெஞ்சை மறுபடி திறக்க வேண்டிவரும். "நெஞ்சைத் திறக்காமல் இருக்கத்தான் இப்போதே கம்பியை எடுக்கச் சொல்கிறேனுங்க" என்று சொன்னதும் அந்த அம்மா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

எண்களும் இதைத்தான் சொல்கின்றன. மேயோ கிளினிக் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், கருவியை எடுக்காமல் மருந்து மட்டும் கொடுத்தவர்களிடம் 30 நாள் மரண அபாயம் ஏழு மடங்காக இருந்தது. அப்படியிருந்தும், அமெரிக்க மெடிகேர் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2023-இல் வந்த ஆய்வில், கருவித் தொற்று உறுதியானவர்களில் 30 நாளுக்குள் கம்பி எடுக்கப்பட்டவர்கள் 18.6 சதவீதம்தான். அத்தனை வசதி உள்ள நாட்டிலேயே ஐந்தில் நாலு பேருக்கு எடுக்கவில்லை.

பரிசோதனைகள்

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆன்டிபயாடிக்கை நிறுத்தி, பிறகு வெவ்வேறு நேரங்களில் மூன்று செட் ரத்தக் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்தோம். மூன்றிலும் வளரவில்லை. இதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது. மாதக்கணக்கில் விட்டு விட்டு மாத்திரை சாப்பிட்டவருக்கு ரத்தக் கல்ச்சர் பொய் சொல்லும்.

உணவுக்குழாய் வழியே எடுத்த எக்கோவில் கீழறைக் கம்பியின் மேல், வலது மேலறைக்குள், 6 மி.மீ. நீளத்தில் ஆடும் இழை ஒன்று தெரிந்தது. தொற்று இல்லாத பழைய கம்பிகளிலும் இப்படி இழைகள் உண்டு. ஆனால் பை திறந்து கிடக்கும் ஒருவரிடம் அதைச் சாதாரணம் என்று விட மனம் வரவில்லை. உலோக வால்வு எக்கோவில் நிழல் அடிக்கும் என்பதால் அதை மட்டும் நம்பாமல், தொற்றுள்ள இடத்தை ஒளிரக் காட்டும் பெட் சி.டி.யும் எடுத்தோம். பையிலும், கம்பி சிரைக்குள் நுழையும் இடத்திலும் பளிச்சென்று ஒளிர்ந்தது. வால்வில் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மூச்சு விட்டோம்.

அடுத்தது, இந்த நிகழ்வில் நான் மிக முக்கியமாக நினைக்கும் சி.டி. இதயத் துடிப்போடு ஒத்திசைத்து எடுத்த மார்பு சி.டி.யில் மூன்று விஷயங்களைத் தேடினோம். நெஞ்செலும்புக்கும் வலது கீழறைக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது: இவருக்கு 4 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருக்கிறது. மார்பின் உட்பக்கத் தமனியில் போட்ட பைபாஸ் குழாய் எங்கே ஓடுகிறது: நெஞ்செலும்பின் இடது ஓரத்துக்கு நேர் பின்னால். மேல் உடம்பின் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரையின் எந்தச் சுவரில் கம்பிகள் அப்பியிருக்கின்றன: வெளிச்சுவரில், இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து, இரண்டு செ.மீ. நீளத்துக்குச் சுற்றிலும் கால்சியம்.

திறந்த நெஞ்சு எதை மாற்றுகிறது

கம்பி எடுக்கும்போது உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மேற்பெருஞ்சிரை கிழிவதுதான். கம்பி பல வருடம் சிரைக்குள் கிடக்கும்போது, தோட்டத்து வேலிக்கம்பியை மரப்பட்டை விழுங்குவது மாதிரி, நார்த்திசு அதைச் சுற்றி வளர்ந்து மூடிவிடுகிறது. அதைப் பிரித்தெடுக்கும்போது சிரைச் சுவரும் சேர்ந்து கிழியலாம். கிழிந்தால் நிமிடங்களில் நெஞ்சைத் திறந்து விரல் வைத்து அடைக்க வேண்டும்.

முன்பு ஆபரேஷன் ஆகாத நெஞ்சு என்றால், அறையில் தயாராக நிற்கும் சர்ஜன் நெஞ்செலும்பை அறுத்து உள்ளே போக அதிக நேரம் ஆகாது. ஏற்கெனவே திறந்த நெஞ்சில் அந்தக் கணக்கு செல்லாது. எலும்புக்குப் பின்னால் எல்லாம் ஒட்டிக் கிடக்கும். அவசரத்தில் ரம்பத்தை ஓட்டினால் வலது கீழறையோ பைபாஸ் குழாயோ அறுபடும். இவருக்கு இதயத்தின் முன்சுவர் முழுவதும் உயிர் வாழ்வதே அந்த ஒரு குழாயால்தான். "கை வைக்க முடியாது" என்று சொன்ன டாக்டர்களின் பயம் இதுதான். பயம் பொய்யில்லை.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒட்டிக் கிடக்கும் திசு, பாதுகாப்பும் தருகிறது. கீழறைச் சுவரில் சின்ன ஓட்டை விழுந்தால், புதிய நெஞ்சில் இதய உறைக்குள் ரத்தம் நிரம்பி இதயத்தை அமுக்கிவிடும். பழைய ஆபரேஷனில் உறையும் இதயமும் ஒட்டிப்போன இடத்தில், ரத்தம் பரவ வெற்றிடமே இருக்காது. கசிவு அங்கேயே அடங்கிவிடுவதும் உண்டு. நிறைய கம்பி எடுக்கும் மையங்களின் அனுபவத்தில், முன்பு இதய ஆபரேஷன் ஆனது என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் பெரிய சிக்கல்கள் கூடுவதில்லை. சிக்கல் வந்தால் சமாளிப்பதுதான் கடினம். கம்பியின் வயது, கால்சியம், மையத்தின் அனுபவம், நோயாளியின் உடல்நிலை இவைதான் அபாயத்தை அதிகம் தீர்மானிக்கின்றன. 19 ஐரோப்பிய நாடுகளில் 73 மையங்களைச் சேர்த்து 2017-இல் வந்த எலெக்ட்ரா பதிவேட்டில், கம்பி எடுத்த 3,510 பேரில் பெரிய சிக்கல் வந்தவர்கள் 1.7 சதவீதம். இதில் மரணமும் அடக்கம், அது மொத்தப் பேரில் 0.5 சதவீதம். அபாயம் உண்டு. ஆனால் தொற்றோடு விட்டுவைப்பதன் அபாயத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

திட்டம்

ஆக, எங்கள் கேள்வி இப்படி மாறியது: சிரை கிழிந்தால், நெஞ்செலும்பை அறுக்காமல் முதல் அரை மணி நேரத்தை எப்படிக் கடப்பது?

சர்ஜன், மயக்க மருத்துவர், ஹார்ட்-லங் மெஷினை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட், நாங்கள் என்று எல்லோரும் சி.டி.யைத் திரையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். ஆஞ்சியோ செய்யும் கேத் லேபில் செய்யாமல் எக்ஸ்ரே வசதியுள்ள இதய ஆபரேஷன் தியேட்டரில் செய்வது என்று முடிவானது. வலது தொடைச் சிரை வழியே ஒரு வயரைக் கழுத்துச் சிரை வரை ஏற்றி வைப்போம். கிழிசல் வந்தால் அந்த வயரின் மேல் நீளமான பலூனை ஏற்றி மேற்பெருஞ்சிரைக்குள் ஊதினால் ரத்தக் கசிவு வெகுவாகக் குறையும். 2016-இல் இருந்து புழக்கத்தில் இருக்கும் இந்தப் பலூன், மறு ஆபரேஷன் நெஞ்சுக்குத்தான் மற்ற யாரையும்விட அதிகம் தேவை. வலது தொடைத் தமனியில் ஒரு சின்ன உறைக்குழாய். தேவைப்பட்டால் அதன் வழியே வயரைப் போட்டு, நெஞ்சைத் தொடாமல் தொடை வழியாகவே ஹார்ட்-லங் மெஷினில் ஏற்றிவிடலாம். மெஷின் அறைக்குள்ளேயே நிரப்பித் தயாராக இருக்கும். அதற்குப் பிறகும் திறந்தே ஆக வேண்டும் என்றால், பைபாஸ் குழாய் இடதுபக்கம் இருப்பதால், வலது விலா இடைவெளி வழியே போவதாகச் சர்ஜன் சொன்னார். தோலில் அந்த இடத்தை மார்க்கர் பேனாவால் முன்கூட்டியே கோடு போட்டார்.

மயக்க மருத்துவர் ஒன்றை வலியுறுத்தினார்: ரத்தமும் குளுக்கோஸும் ஏற்றும் பெரிய ஊசிகள் கையில் வேண்டாம், காலில் வேண்டும். மேற்பெருஞ்சிரை கிழிந்தால் கையில் ஏற்றுவதெல்லாம் நெஞ்சுக்குள்தான் கொட்டும். பொருத்தம் பார்த்த ரத்தம் நான்கு யூனிட், பிளட் பேங்கில் இல்லாமல் தியேட்டருக்குள்.

அசிட்ரோம் விஷயத்தில் ஒரு முரண் போலத் தெரியலாம். ஜெனரேட்டர் மாற்றும்போது நிறுத்தியிருக்கக் கூடாது என்று மேலே சொன்னேன். கம்பி எடுக்கும்போது நிறுத்தத்தான் வேண்டும். அது தோலடி வேலை, அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும். இங்கே பெரிய சிரையின் சுவரில் வேலை. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 1.5-க்குக் கீழே வந்ததும், வால்வில் ரத்தம் கட்டி பிடிக்காமல் இருக்க ஹெப்பாரினைச் சொட்டுச் சொட்டாக ஓடவிட்டு, ஆபரேஷனுக்கு ஆறு மணி நேரம் முன்பு நிறுத்தினோம்.

எடுத்த அன்று

பேஸ்மேக்கரின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தால் அவருக்குச் சொந்தத் துடிப்பே இல்லை. எனவே இடது தொடை வழியாக முதலில் தற்காலிகப் பேஸிங் வயர். அது பிடிக்கிறது என்று உறுதியான பிறகுதான் பையைத் திறந்தோம்.

உள்ளே கொழகொழப்பான பழுப்புத் திரவம், சுற்றிலும் தடித்த நார் உறை. உறை முழுவதையும் வெட்டி எடுத்து ஒரு பகுதியைக் கல்ச்சருக்கு அனுப்பினோம். கம்பிகளைக் கட்டியிருந்த தையல்களை அறுத்து, கம்பிகளை வெட்டி, இரண்டின் உள்ளேயும் நுனி வரை போய்ப் பூட்டிக்கொள்ளும் லாக்கிங் ஸ்டைலட்டைச் செலுத்தினோம். இது இல்லாமல் இழுத்தால் வெளி ரப்பர் மட்டும் கையோடு வரும், கம்பி உள்ளே அறுந்து நிற்கும்.

மேலறைக் கம்பியின் திருகு 11 வருடத்துக்குப் பிறகும் திரும்பி உள்ளே வந்தது, அது எங்கள் அதிர்ஷ்டம். கையால் இழுத்ததில் வரவில்லை. எங்கள் மையத்தில் சுழலும் வெட்டுமுனை கொண்ட உறைக்குழாயைப் பயன்படுத்துகிறோம். லேசர் உறைக்குழாயும் உலகெங்கும் நன்றாகப் பழகியதுதான். கால்சியம் படிந்த இடத்தில் சுழல் முனை எனக்குக் கைக்குப் பழக்கம், அவ்வளவுதான் காரணம். கம்பியை ஒரு கை சீராக இழுத்துப் பிடிக்க, மறு கை உறையை அதன்மேல் தள்ள வேண்டும். இழுப்பு தளர்ந்தால் உறை கம்பியை விட்டு விலகிச் சுவரைப் பார்க்கப் போய்விடும். மேலறைக் கம்பி மேற்பெருஞ்சிரையில் கொஞ்சம் மல்லுக்கட்டி வந்துவிட்டது.

கீழறைக் கம்பி அப்படி வரவில்லை. சி.டி.யில் பார்த்த அந்த இரண்டு செ.மீ. கால்சியத்தில் உறை நின்றுவிட்டது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பலம் காட்டுகிறார்கள். நாங்கள் நிறுத்தி, பலூனைச் சுருட்டிய நிலையிலேயே வலது மேலறை வரை ஏற்றி வைத்துக்கொண்டோம். ஒரு அளவு பெரிய உறைக்கு மாறி, இரண்டு மூன்று சுற்று, நிறுத்தல், எக்கோ, மறுபடி இரண்டு மூன்று சுற்று என்று நகர்ந்தோம். சர்ஜன் கையுறையோடு எதிரே நின்றுகொண்டிருந்தார். அந்தச் சிறு தூரத்துக்கு, மற்ற எல்லா வேலைக்கும் சேர்த்து ஆன நேரத்தைவிட அதிகம் ஆனது.

உறை கீழறை நுனிக்கு ஒரு செ.மீ. அருகே போனதும் அதை அசையாமல் பிடித்துக்கொண்டு கம்பியை மட்டும் இழுத்தோம். உறையின் விளிம்பு சுவரைத் தாங்கிக்கொள்ள, நுனி மட்டும் பிய்ந்து வர வேண்டும். அப்போது ரத்த அழுத்தம் 120-இல் இருந்து 70-க்கு விழுந்தது. கீழறைச் சுவர் கம்பியோடு உள்ளே இழுபட்டாலும் இப்படி விழும், கிழிந்தாலும் விழும். வித்தியாசம் தெரிந்துகொள்ள முதல் வழி, இழுப்பை உடனே தளர்த்திப் பார்ப்பது. தளர்த்தியதும் அரை நிமிடத்தில் அழுத்தம் ஏறிவிட்டது. இழுபட்டதுதான். மயக்க மருத்துவர் எக்கோவில் இதய உறையைப் பார்த்தார், வலதுபக்க நுரையீரல் உறையையும் பார்த்தார். மறு ஆபரேஷன் நெஞ்சில் இது முக்கியம். இதயத்தைச் சுற்றி ரத்தம் இல்லை என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது, ஒட்டல்களுக்கு நடுவே வழி கிடைக்காத ரத்தம் வலது நெஞ்சறைக்குள் போயிருக்கலாம். இரண்டிலும் இல்லை. இரண்டாவது முறை மெதுவாக இழுத்தபோது நுனி விடுபட்டது. கம்பி முழுதாக வந்தது. முட்களைச் சுற்றி வெளிர்ந்த நார்த்திசு ஒரு மணிபோலக் கட்டியிருந்தது. கம்பி கடந்து போகும், வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மூவிதழ் வால்வின் கசிவு முன்பிருந்த அளவில்தான் இருந்தது. பலூனை ஊதவே இல்லை. அது தேவைப்படவில்லை என்பதற்காக, அடுத்த முறை வைக்காமல் இருக்க மாட்டோம்.

அடுத்து வலது கழுத்துச் சிரை வழியே திருகும் கம்பி ஒன்றைக் கீழறையில் மாட்டி, அதைத் தோலுக்கு வெளியே ஒட்டிய பேஸ்மேக்கரோடு இணைத்தோம். சாதாரணத் தற்காலிக வயர் என்றால் படுத்தே கிடக்க வேண்டும். இதோடு மறுநாளே வார்டில் நடந்தார். சொந்தத் துடிப்பு இல்லாத, தொற்றும் உள்ள ஒருவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

பின்தொடர்ந்தது

பைத் திசுவிலும் கம்பி நுனியிலும் தோலில் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற கிருமி வளர்ந்தது, மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாத வகை. முன்பு சாப்பிட்ட மாத்திரைகள் அதை ஒழித்திருக்க வாய்ப்பில்லை. வான்கோமைசின் கொடுத்தோம். பையில் மட்டும் தொற்று என்றால் எடுத்த பிறகு இரண்டு வாரம் போதும். கம்பியில் இழையும் நெஞ்சில் உலோக வால்வும் இருப்பதால் ஆறு வாரமாக நீட்டினோம். சிறுநீரக அளவுகளை விடாமல் பார்த்துக்கொண்டோம், ஒருமுறை கிரியாட்டினின் ஏறி மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருந்தது. பிந்தைய வாரங்களை அவர் காங்கேயத்திலேயே ஊசி போட்டு முடித்தார்.

புதிய பேஸ்மேக்கரை வலதுபக்கம், மறு கல்ச்சர்கள் சுத்தமாக வந்த பிறகு, இரண்டு வாரம் கழித்து வைத்தோம். குறைந்தது 72 மணி நேரம் கல்ச்சர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு, வால்வை நினைத்துக் கூடுதலாகப் பொறுத்தோம். 11 வருடம் கீழறை நுனியில் இருந்தே துடிக்க வைத்ததில் இதயத்தின் பம்ப் திறன் 45 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. அதனால் இந்த முறை கீழறைக் கம்பியை நடுச்சுவருக்குள் திருகி, இடதுபக்க மின்பாதையைத் தொடும்படி வைத்தோம். கம்பியே இல்லாத சின்னப் பேஸ்மேக்கரைப் பற்றியும் குடும்பத்தோடு பேசினோம். மேலறையும் கீழறையும் ஒத்துத் துடிக்க வேண்டும் என்பதாலும், செலவாலும் அது வேண்டாம் என்று முடிவானது.

புதியது வைத்த அன்று அவருடைய ஐ.என்.ஆர். 2.6. அசிட்ரோமை நிறுத்தவில்லை. பை வீங்கவில்லை.

ஒரு வருடம் ஆகிவிட்டது. இடது தோளில் வெள்ளைத் தழும்பு, வலதில் மேடு. பம்ப் திறன் 52 சதவீதம். களத்தில் கொப்பரை காயும் நாட்களில் காலை வெயிலுக்கு முன்பு போய் வருகிறார். மூட்டை தூக்குவதை மட்டும் நிறுத்தச் சொல்லியிருக்கிறோம், கேட்கிறாரா என்பதை மகன்தான் சொல்ல வேண்டும். பல் பிடுங்கப் போனால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் வேண்டும் என்பது வால்வு வைத்த நாளிலேயே சொல்லப்பட்டதுதான், மறுபடி சொல்லி அனுப்பினோம்.

இந்தப் பேட்டரியும் ஒருநாள் தீரும். அன்று அவர் எந்த ஊரில் எந்த டாக்டரிடம் போவார் என்று தெரியாது. அதனால் டிஸ்சார்ஜ் தாளின் முதல் பக்கத்தில், மற்ற எல்லாவற்றுக்கும் மேலே, தமிழில் பெரிய எழுத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தோம்: "ஜெனரேட்டர் மாற்றும்போது அசிட்ரோமை நிறுத்தி ஹெப்பாரின் போட வேண்டாம். பை வீங்கினால் ஊசி குத்த வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள்." மகன் அதை லேமினேட் செய்து, ஒரு பிரதியைத் தன் செல்போன் உறைக்குள்ளும் வைத்திருக்கிறார்.